டப்பா காலியானால் அம்மா வருவாள்

வேலு,

நீ ஓசூருக்குப் பஸ் ஏறி இன்றோடு ஒன்பது நாள். போன் போட்டால் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, அப்புறம் பேசுறேம்மா" என்று மூன்றே பேச்சில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார். படிக்காமல் மடித்து வைக்கலாம், அது உன் இஷ்டம். ஆனால் நீ படிப்பாய். பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூடப் பிரித்துப் படிக்கிற பிள்ளை நீ.

போகிற அவசரத்தில் கட்டம் போட்ட சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டாய். துவைக்க எடுத்தேன். பையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. வேலைக்குச் சேருமுன் விருதுநகரில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாயே, அந்த ரிசல்ட். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். இருந்தாலும் ஒரு எண்ணைச் சிவப்பு மையில் சுழித்திருந்தால் அது நல்லதற்கில்லை என்று தெரியாதா என்ன? மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "யாருக்குக்கா இது?" என்றார். எம் மகனுக்கு என்றேன். "வயசு?" இருபது என்றேன். அவர் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். "சக்கரை இன்னும் வரலக்கா. ஆனா வாசல்ல வந்து நிக்கிது. எடையும் அம்புட்டு இருக்கு. இப்பவே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டேன். "சீட்டைப் பார்த்துட்டேன்லே, ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். "என் தப்புதாம்மா. சின்னதுலயிருந்தே எனக்கு வாய் அடங்காதுல்ல. நான் பார்த்துக்கிறேன், நீ கிடந்து அலட்டிக்காத" என்றாய். அந்தப் பேச்சுதான் என்னை உட்கார விடவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மத்தாப்பை எண்ணிப் பெட்டியில் போடும்போது எண்ணிக்கை தப்புகிறது. போர்மேன் இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டார். வாய் அடங்காதவன் நீ இல்லை வேலு. உன் உடம்பு எப்படி இப்படி ஆனது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டினாலும் சரிதான். அந்த ஊரில் ஒரு டாக்டரிடம் நீ போய் உட்கார்ந்தால் எனக்குப் போதும்.

என் சின்ன வயதிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். எட்டு வயதில் என்னைத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி மரத்துப் போயிருக்கும். படித்ததெல்லாம் பிறகு சாயங்காலப் பள்ளிக்கூடத்தில்தான். கழுத்தெலும்பு தெரிகிற பிள்ளையைப் பார்த்தாலே, இது ஆபீஸுக்குப் போகிற பிள்ளை என்று ஊர் சொல்லிவிடும். நீ வயிற்றில் இருக்கும்போது இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் போய் நின்று, "ஆத்தா, எம் பிள்ளைக்கு எலும்பு வெளிய தெரியக் கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். ஆத்தா அளவு கேட்காமல் கொடுத்துவிட்டாள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனால் நம்ம விஸ்வநத்தம் ஊரே பார்க்கும். "அடியாத்தி, கம்பெனி மொதலாளி வீட்டுப் பிள்ளை கணக்கா இருக்கானே!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. உங்கப்பா விருதுநகர்ப் பக்கம் லோடு இறக்கிவிட்டு வந்தால் எண்ணெய் பரோட்டா பொட்டலம் வரும். உனக்கு மூன்று, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று. தெருப் பிள்ளைகள் உனக்கு அணுகுண்டு என்று பேர் வைத்தபோது நானும் சேர்ந்து சிரித்தவள்தான்.

உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. வெடித்தது எங்கள் கம்பெனி இல்லை, இரண்டு கம்பெனி தள்ளி. சத்தம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் ஓடுகிற திசை வேறு, நாம் ஓடுகிற திசை வேறு. நாம் புகையைப் பார்த்துத்தான் ஓடுவோம். அங்கேதானே அம்மா இருப்பாள், அக்கா இருப்பாள், புருஷன் இருப்பான். நாங்கள் ஷெட்டைவிட்டு வெளியே வந்து நின்று பார்த்தால், ரோட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நீ ஓடி வருகிறாய். பள்ளிக்கூட யூனிபார்மோடு, ஒரு காலில் செருப்பில்லாமல். ஆம்புலன்ஸ் உன்னை உரசிக்கொண்டு போனது. நான் செத்துப் பிழைத்தேன். என்னைப் பார்த்ததும் நீ அழவில்லை. "நீ இருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டாய்.

மறுநாளிலிருந்து உனக்குப் பூட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு மதினி உன்னை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிடுவாள். ஒரு பக்கம் டி.வி., ஒரு பக்கம் சேவு நிறைத்த டப்பா. "என்ன சத்தம் கேட்டாலும் வெளிய வரப்படாது. கூப்பாடு போடப்படாது. இந்த டப்பா காலியாகுறதுக்குள்ள அம்மா வந்திருவேன், என்ன?" என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். வந்து பார்த்தால் டப்பா தினமும் காலியாக இருக்கும். சமத்துப் பிள்ளை, அழாமல் இருந்திருக்கிறான் என்று மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிரப்பினேன். நாலு வருஷம் அப்படித்தான் ஓடியது. தெருவில் உன் வயசுப் பிள்ளைகள் பம்பரம் விட்டதும் சைக்கிள் பழகியதும் நீ ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான்.

ஐந்தாம் வகுப்பில் உன் டீச்சர் ஒரு தாளைக் கொடுத்துவிட்டார். பையனுக்கு எடை மிகவும் அதிகம், மாடி ஏற மூச்சு வாங்குகிறான், டாக்டரிடம் காட்டவும் என்று இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! பிள்ளைமேல் கண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். உன் கழுத்துக்குப் பின்னால் கறுத்துத் தடித்திருந்ததை அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். "எரியுதும்மா" என்று நீ நெளிந்தாய். "ஒழுங்காக் குளிச்சா இப்படி இருக்குமாலே?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். டீச்சர் மறுபடியும் சொல்லியனுப்பவே, வேறு வழியில்லாமல் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப்போன அன்றைக்கு டாக்டரம்மா முதலில் பார்த்ததே அந்தக் கழுத்தைத்தான். "இதை இப்படித் தேய்ச்சது யாரு?" என்றார். நான் உன் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டேன். "இது அழுக்கில்லம்மா. எடை கூடிப்போய் உடம்புல சக்கரை சரியா செலவாகலைன்னா தோல் இப்படிக் கறுக்கும். தேய்ச்சாப் போகாது" என்றார். இப்போது சக்கரை வந்து நிற்கிற அந்த வாசல் அன்றைக்கே திறந்துதான் இருந்திருக்கிறது, ஐயா. எனக்குத்தான் கண் தெரியவில்லை.

அதே நாளில்தான் அவர் உன்னிடம், "பசிக்கலைன்னாலும் சாப்பிடுவியா தம்பி?" என்று கேட்டார். "ஆமா டாக்டர்." "ஏன்?" நீ கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாய்: "டப்பா காலியானாத்தான் எங்கம்மா வருவா. வேகமாத் தின்னா வேகமா வருவா." நர்ஸுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நீ வேடிக்கை பார்த்தாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷமாக என் பிள்ளை பசிக்குத் தின்னவில்லை, நான் உயிரோடு வந்து சேர வேண்டும் என்று தின்றிருக்கிறான். கண்டக்டர் சீட்டுக் கேட்டதுகூடக் காதில் விழவில்லை.

டாக்டரம்மா ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. மாத்திரை எழுதுகிற சீட்டில், திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் மன்றத்தில் ஓட்டம், பந்து, கயிறு, அம்மாவோ அப்பாவோ கூட ஆட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு டானிக்காவது எழுதுங்க டாக்டர்" என்றேன். "இதான் டானிக். நீங்களும் சேர்ந்து குடிக்கணும்" என்றார். அந்த மன்றம் பெரிய வியாபாரிகள் ஷட்டில் ஆடவும் பேப்பர் படிக்கவும் வைத்திருந்த இடம். அதன் வாசல்படியை அதுவரை நான் மிதித்ததில்லை. டாக்டரம்மா அவர்களிடம் போய்ப் பேசி வாரத்தில் மூன்று சாயங்காலத்துக்கு ஹாலையும் பி.டி. மாஸ்டரையும் வாங்கிவிட்டார். மாஸ்டர் வருகைப் பதிவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். இரண்டு நாள் வராவிட்டால் நர்ஸ் போன் போட்டுவிடும். தின்றதையெல்லாம் எழுத ஒரு நோட்டும் கொடுத்தார்கள். நோட்டை ஒழுங்காக எழுதாத வீட்டுப் பிள்ளையின் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் உள்ளே நுழைந்தால் எங்கள் கம்பெனி முதலாளியம்மா நிற்கிறார், அவர் மகளோடு. அந்தப் பிள்ளை உன்னைவிடப் பருமன். உனக்குப் பூட்டு என்றால் அதற்குக் காரும் டியூஷனும். நான் திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். மாஸ்டர் விட்டால்தானே? "வாங்கம்மா, வாங்க. சீலையத் தூக்கிச் சொருகுங்க. பிள்ளைகளுக்குக் காட்டுறதுக்கு நீங்க ரெண்டு பேரும் முதல்ல ஓடுங்க" என்று முதலாளியம்மாவின் இடது காலையும் என் வலது காலையும் துண்டால் சேர்த்துக் கட்டிவிட்டார். "மேடம், எங்கால் உங்க மேல…" என்று நான் இழுத்தேன். "ஓடுறதா நிக்கிறதா, சீக்கிரம் சொல்லும்மா, எல்லாரும் பார்க்காக" என்றார் முதலாளியம்மா. நாலு எட்டு வைத்தோம், இரண்டு பேரும் குப்புற விழுந்தோம். நீ தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அப்படி நீ சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அந்த ஒரு சாயங்காலத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

நிறுத்தவில்லை. ஆடி முடித்து நீ வெளியே வரும்போது சட்டை நனைந்து, முகம் சிவந்து, மூச்சு இரைக்க நிற்பாய். பிள்ளையைப் பட்டினி போட்டு ஓடவிட்டுக் கொல்கிறார்களே என்று எனக்குத் தோன்றும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பேக்கரியில் இரண்டு கிரீம் பன்னும் ஒரு ரோஸ்மில்க்கும் வாங்கித் தருவேன். "டாக்டர் வேண்டாம்னு சொன்னாகளேம்மா" என்று முதல் நாள் நீ பின்வாங்கினாய். "வாய மூடிட்டுத் தின்னுலே. ஆடுனதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றேன். நீ தின்றாய். முழுங்கும்போது என் முகத்தையே பார்த்தாய். வீட்டுக்கு வந்து நோட்டில் இட்லி இரண்டு, மோர் ஒரு டம்ளர் என்று நானே எழுதினேன். ஆறு வாரம் அப்படி எழுதினேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மன்றத்தில் எல்லாப் பெற்றோரையும் நிற்க வைத்து ஒவ்வொரு பிள்ளையாக எடை பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இறங்கியிருந்தது. உனக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. நோட்டைப் புரட்டினார். "அம்மா எம்புட்டு ஒழுங்கா எழுதியிருக்காக பாரு. நீ ஒளிச்சு வச்சுத் தின்னியா? வீட்ல திருடித் தின்னியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். எனக்குப் பக்கத்தில் முதலாளியம்மா நின்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீ தலையைக் குனிந்து, "ஆமா டாக்டர், நான்தான் திருடித் தின்னேன்" என்றாய். யாரோ ஒரு பையன் பின்னாலிருந்து "அணுகுண்டு" என்றான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாய்: "எம்மா, நோட்டுல பொய் எழுதுனது தெரிஞ்சா மொதலாளியம்மா உன்னைய வேலையவிட்டு நிப்பாட்டிருவாகளா?" அடப் பாவி மகனே, அதற்காகவா அத்தனை பேர் முன்னால் திருடன் என்று ஒத்துக்கொண்டாய்? பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது? "நிப்பாட்ட மாட்டாகலே" என்று மட்டும் சொன்னேன். மறுநாளாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் இடம் போய்விடும் என்ற பயம் ஒன்று, என் மானம் போய்விடும் என்ற பயம் ஒன்று. எந்தப் பயம் பெரிதாக இருந்தது என்று கேட்டால், இப்போது மறைக்காமல் சொல்கிறேன், மானம்தான்.

அதற்குப் பிறகு பன்னை நிறுத்தினேன். பூட்டையும் எடுத்தேன். உன் எடை இறங்கியது, எல்லாரும் கைதட்டினார்கள். சீசன் நேரத்தில் நான் ஓவர் டைமுக்கு நின்றால் உங்கப்பா லுங்கியோடு வந்து உன்னோடு பந்து ஆடினார். ஆனால் வேறொன்று ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ ஒரு நாள்கூட ஒளித்துத் தின்றதில்லை. அதற்குப் பின்னால் எங்கள் முன்னால் தின்பதையே விட்டுவிட்டாய். தட்டில் கொஞ்சம் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவாய். பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் காகிதம் வரும். நான் சத்தமில்லாமல் அள்ளிப் போட்டுவிடுவேன். கேட்டால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டி வருமே! இரண்டு வருஷத்தில் மன்றத்து ஹாலை விசேஷங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள், பிள்ளைகளின் ஆட்டம் நின்றுபோனது. இறங்கிய எடை ஏறியது. கட்டிலுக்கு அடியில் காகிதமும் ஏறியது. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது நீ எங்கேயோ ஒரு ரூமில் ஐந்து பேரோடு இருக்கிறாய். எனக்கு வருகிற நினைப்பெல்லாம் ஒன்றுதான். கேண்டீனில் மற்றவர்கள் முன்னால் அரை வயிறு சாப்பிட்டுவிட்டு, ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பொட்டலத்தைப் பிரிப்பாய். அந்த நினைப்பு வந்தால் எனக்குக் கையில் இருக்கிற வேலை ஓடுவதில்லை. பட்டினி கிடக்காதே ஐயா. பட்டினி கிடந்தால்தான் பிறகு கை நிற்காது. நாலு பேரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. எவனாவது உன் தட்டைப் பார்த்துச் சிரித்தால், ஏலே, உன் தட்டைப் பாருலே என்று சொல்லு. கம்பெனிக்குப் பக்கத்தில் ஷட்டில் ஆடுகிற இடம் கட்டாயம் இருக்கும். உனக்கு அது நன்றாக வரும், மாஸ்டரே சொல்லியிருக்கிறார். பரோட்டாவை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்றைக்காவது தின்றால் சிநேகிதனோடு தின்னு, வெளிச்சத்தில் உட்கார்ந்து தின்னு.

நேற்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. உன் சீட்டை நீட்டினேன். பிறகு பன்னிலிருந்து நோட்டு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வேல்முருகன்தானே? முன்பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்கும்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பேர் சொல்கிறார்! "தப்பு உங்க மேல மட்டும் இல்லம்மா. ஒரு பச்சப் பிள்ளைய அத்தனை பேர் முன்னால நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்களைத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். சக்கரையைத் திருப்பி அனுப்ப இன்னும் நேரம் இருக்கிறதாம். பயப்பட வேண்டாம், ஆனால் நாளைக் கடத்தவும் கூடாதாம். ஓசூரில் அவருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார். உன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்குப் போன் போடுவார். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதே. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் வாயாலும் கேட்க வேண்டும் என்கிறார். உன் குணம் எனக்குத் தெரியும். "இல்ல டாக்டர், அம்மா சும்மா சொல்றாக, நான்தான் தின்னேன்" என்று சொல்லிவிடுவாய். வேண்டாம் வேலு. இந்தத் தடவை என்னைக் காப்பாற்றாதே.